பாடி தாங்குமா, தாயம்மா?

தாயம்மாவுக்குச் சளி பிடித்தால் யாருக்கும் தெரியாது. அவர் வீட்டு ஏர்கானுக்குச் சளி பிடித்தால் பக்கத்து வரிசை வரைக்கும் விளக்கு மங்கும்.

1984ஆம் ஆண்டு, கோல சிலாங்கூர் டவுனுக்கு வெளியே இருந்த அந்த மலிவு வீட்டுக் குடியிருப்பில் வீடுகள் எண்பது, ஏர்கான் ஒன்று. எட்டாம் நம்பர் வீட்டின் படுக்கையறை ஜன்னலில் ஆறு அடுக்குக் கண்ணாடிகளைக் கழற்றி, சுற்றிலும் பலகை அடித்து, அந்தக் குளிர்பெட்டியை உட்கார வைத்திருந்தார் தாயம்மாவின் கணவர் சன்னாசி. முன்பாதி அறைக்குள்ளும் பின்பாதி தெருவிலுமாக, கிளம்புவதா இருப்பதா என்று முடிவெடுக்காத விருந்தாளியைப் போல அது இருந்தது.

தாயம்மா ரப்பர் தோட்டத்துப் பெரிய பங்களாவில் பத்தொன்பது வருடம் ஆயாவாக இருந்தவர். மூன்று துரைகளைப் பார்த்தார், ஏழு பிள்ளைகளை வளர்த்தார். எழுபதாம் ஆண்டு பிள்ளைகள் அறைக்கு அந்த ஏர்கான் வந்தது. பிள்ளைகள் தூங்கும்வரை அவர் தரையில் உட்கார்ந்து அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். பிள்ளைக்கு ஒன்று என்றால் தொட்டுப் பார்த்து, நெஞ்சில் காதை வைத்து, துணியில் என்ன போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்லிப் பழகியவர். ஏர்கானுக்கும் அதே வைத்தியம்தான்.

எழுபத்தாறில் அது படுத்தபோது, நான்கு நாள் முன்பே துரையிடம் சொன்னார். "கம்ப்ரசர் போகப் போகுது தொரை." துரை சிரித்தார். ஐந்தாம் நாள் விருந்தாளிகள் வந்திருந்த வேளையில் அது நின்றது. கிள்ளானிலிருந்து ஆள் வந்து, குளிர் தரும் கம்ப்ரசரை மாற்றிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பங்களாவில் எந்த இயந்திரம் முனகினாலும் தாயம்மாவைத்தான் கூப்பிட்டார்கள்.

எண்பத்திரண்டில் பங்களாவுக்குப் புதிய ஏர்கான்கள் வந்தன. தாயம்மா வேலையை விட்டு நின்றதும் அந்த மாதம்தான். பழையதைத் தூக்கிப் போடப் போகிறோம், வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார் துரை. தோட்டத்து லோரியில் அது எட்டாம் நம்பர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தாயம்மா ஒரே நாளில் ஏர்கான் வீட்டம்மா ஆனார்.

வேர்க்குரு வந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். தொட்டுப் பார்க்க வந்தவர்கள் இருந்தார்கள். வராத ஒரே ஆள், நாலு வீடு தள்ளி இருந்த இராமையா மண்டோர். தோட்டத்தில் முப்பது வருடம் ஆட்களை மேய்த்து ஓய்வு பெற்றவர்; சித்திரை வெயிலிலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணீர் குடிப்பவர். "செயற்கைக் குளிரு மனுசன் ஒடம்புக்கு ஆகாது. அது செத்த மீனுக்குச் செய்யிற மரியாத," என்பார்.

அறை போதுமான அளவு குளிர்ந்ததா என்று பார்க்கத் தாயம்மாவிடம் ஒரு கருவி இருந்தது. தேங்காய் எண்ணெய்ப் பாட்டில். ஏர்கானுக்கு எதிரே அலமாரிமேல் வைத்திருப்பார். எண்ணெய் உறைந்து வெள்ளையாக இருந்தால் குளிர் சரி. ஓரத்தில் இளகித் தெளிந்தால் எங்கோ கோளாறு.

அந்த வருடம் மாசி மாதத்திலிருந்து ஏர்கானின் உடம்பு சரியில்லை. முதலில் வந்தது முக்கல். சுவிட்சைப் போட்டதும் உடனே எழுந்திருக்காமல் 'ம்ம்ம்' என்று முக்கும்; அந்த நேரம் விளக்குகள் கண்ணை மூடித் திறக்கும். இரண்டு வாரம் கழித்து விக்கல்: முக்கிப் பார்த்துவிட்டு 'டிக்' என்று விட்டுவிடும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும். அப்புறம் மூச்சு வாங்கல், அதாவது நான்கு நிமிடம் ஓடி நான்கு நிமிடம் உட்காருவது. அப்புறம் நடுக்கம். ஓடி நிற்கும்போது உதறுகிற உதறலில் அலமாரிமேல் பவுடர் டப்பா நடந்து வந்து விளிம்பில் நிற்கும். எழுபத்தாறிலும் இதே வரிசைதான். ஐந்தாவதாக வர வேண்டியது ஒழுக்கு. பின்பக்கம் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் நாட்களை விரல்விட்டு எண்ணலாம்.

"என்னா தாயம்மா, ஒன் ஏர்கான் இப்படி முக்குது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "சளி" என்று பதில் சொன்னார்.

"உள்ளத சொல்லிடேன்," என்றார் சன்னாசி.

"சொல்லிட்டா நாளைக்கு நான் வெறும் தாயம்மா. ஒனக்கு ஒண்ணும் இல்ல, நீ எப்பவும் வெறும் சன்னாசிதான்."

ஒரு வெள்ளிக்கிழமை காலை கோலம் போட வந்தவர், ஜன்னலுக்குக் கீழே சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கரும் எண்ணெய்த் தடத்தைப் பார்த்தார். ஈரத் துணியால் துடைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் உள்ளே போனார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு இராமையா மண்டோர் இறந்துபோனார். வயது அறுபத்தெட்டு.

ஒரே மகன் வீரன் கடல் தாண்டிச் சபாவில், தாவாவில் இருந்தார். இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் ஐஸ் ரூமுக்கு அவர்தான் சூப்பர்வைசர். மூலைக்கடை தொலைபேசியில் இராமையாவின் மனைவி நல்லம்மாள் மகனிடம் பேசினார். அன்றைய விமானத்தில் இடமில்லை. மறுநாள் விமானத்தில் வந்து இறங்கி, வீடு வந்து சேர ஞாயிறு மாலை நாலு மணி ஆகும்.

"நீ வந்து மொகத்தப் பாக்காம அப்பாவ எடுக்க மாட்டோம்டா," என்று வாக்குக் கொடுத்துவிட்டு நல்லம்மாள் போனை வைத்தார். கொடுத்த பிறகுதான், வெளியே வெயில் எப்படி ஏறிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தார்.

முற்றத்தில் கூடியிருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் வைக்கலாம் என்றார் ஒருவர். "அங்க கொண்டுபோனா அறுத்துப் பாப்பாங்க. ஒரு கத்தி பட விட மாட்டேன்," என்றார் நல்லம்மாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாசிர் பெனம்பாங்கில் சீன முதலாளிகளான மீன் தவுக்கேகளிடம் ஐஸ் கட்டி கிடைக்கும் என்றார் இன்னொருவர்.

"ஐஸ்ல போட அவரு என்னா கெளுத்தி மீனா?" என்றார் நல்லம்மாள்.

எல்லாரும் ஒரே பக்கமாகத் திரும்பினார்கள். எட்டாம் நம்பர் ஜன்னலில் ஏர்கான் நான்கு நிமிடம் ஓடி முடித்து உதறிக்கொண்டு நின்றது.

நல்லம்மாள் வந்து தாயம்மாவின் கையைப் பிடித்தார். "நாளைக்கு நாலு மணி வரைக்கும். பாடி தாங்குமா தாயம்மா?"

நேற்றுத் துடைத்த எண்ணெய்த் துணி இன்னும் கொல்லைக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. தாயம்மா நல்லம்மாளின் முகத்தைப் பார்த்தார். சுற்றி நின்ற நாற்பது பேரையும் பார்த்தார்.

"தாங்கும்க்கா," என்றார்.

இப்போது ஒரு சிக்கல் எழுந்தது. ஒரு வீட்டுச் சாவை இன்னொரு வீட்டுக்குள் கொண்டுபோவது வழக்கமில்லை. அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் சன்னாசிதான் வழி கண்டுபிடித்தார். சுண்ணாம்புக் கட்டியை எடுத்து வந்து படுக்கையறை வாசலில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"கோட்டுக்கு அங்கிட்டு நாளைக்கு நாலு மணி வரைக்கும் மண்டோர் அண்ணன் வீடு. இங்கிட்டு என் வீடு. அவரு அவரு வீட்டுலதான் இருக்காரு. யாருக்கும் குத்தம் இல்ல."

எல்லாருக்கும் திருப்தி. நல்லம்மாள் உள்ளே போய்த் தலைமாட்டில் குத்துவிளக்கு ஏற்றிக் குடியேறினார். இராமையா மண்டோர், உயிரோடு இருந்தவரை எட்டிப் பார்க்காத அறைக்குள், தனக்குப் பிடித்த கம்பளிச் சட்டையோடு வந்து சேர்ந்தார்.

எல்லை வகுத்த சன்னாசிக்கு அதன் முதல் விளைவு பத்து நிமிடத்தில் தெரிந்தது. அவருடைய கால்சட்டைகள் எல்லாம் அலமாரியில், அதாவது மண்டோர் வீட்டில் இருந்தன. துக்க வீட்டில் போய்க் கால்சட்டை கேட்பது முறையில்லை என்பதால் மறுநாள் மாலை வரை கைலியோடு திரிந்தார்.

தாயம்மாவுக்கும் அதே கதிதான். ஏர்கானின் நாடியைப் பார்க்க வேண்டுமானால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அனுமதி கேட்க வேண்டும்.

"உள்ள வரலாமாக்கா?"

"வா தாயம்மா. ஒன் வீடு மாதிரி நெனச்சுக்க."

மண்டோரின் கடைசி மரியாதைக்கு அவ்வளவு கூட்டம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. முப்பது வருடத்தில் அவரிடம் ஏச்சு வாங்காத ஆள் தோட்டத்தில் கிடையாது, எல்லாரும் வந்தார்கள். உள்ளே போனவர்கள் வெளியே வர மறுத்தார்கள். வெளியே வெயில் தொண்ணூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது, உள்ளே துக்கம் இதமாக இருந்தது. மண்டோரோடு பதினைந்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தோட்டத்துக் கணக்கர் உமாபதி கிராணி ஒன்றரை மணி நேரம் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார்.

"இத்தன பேரு மூச்சு விட்டா மெசினு என்னாத்துக்கு ஆகும்?" என்று தாயம்மா ஐந்து ஐந்து பேராக விட்டார். ஆளுக்குப் பத்து நிமிடம். வெளியே வந்தவர்கள் வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றார்கள்.

அலமாரிமேல் இருந்த எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து மண்டோரின் தலைமாட்டில் விளக்குப் பக்கத்தில் வைத்தார். கூட்டம் அதைச் சடங்குப் பாட்டில் என்று எடுத்துக்கொண்டது. இரண்டு பேர் அதைத் தொட்டுக் கும்பிட்டார்கள். சனிக்கிழமை முழுவதும் எண்ணெய் வெள்ளையாகவே இருந்தது. ஏர்கான் முக்கியது, விக்கியது, நடுங்கியது, ஆனால் ஓடியது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு, சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த தாயம்மாவின் கை நின்றது.

முக்கல் வந்தது. 'டிக்.' காத்திருந்தார். நான்கு நிமிடம் கழித்து மறுபடி முக்கல், மறுபடி 'டிக்.' மூன்றாம் முறை முக்கலே இல்லை. காற்றாடி மட்டும் சுற்றுகிற வெறும் சத்தம். பழக்கமில்லாத காதுக்கு அது முன்பைவிட நன்றாக ஓடுவதுபோல் இருக்கும். முக்கல் இல்லை, உதறல் இல்லை, பவுடர் டப்பா நடக்கவில்லை.

"உள்ள வரலாமாக்கா?"

உள்ளே ஐந்து பேரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "இன்னிக்கு நேத்தவிடக் குளிரு," என்றார் ஒருவர், கையைத் தேய்த்துக்கொண்டே. தாயம்மா ஏர்கான் முன்னால் கையை நீட்டினார். வந்தது தெருக் காற்று. தலைமாட்டுப் பாட்டிலைப் பார்த்தார். கண்ணாடியை ஒட்டி, ஓரத்தில், நூல் அகலத்துக்கு எண்ணெய் தெளிந்திருந்தது.

இன்னும் ஆறு மணி நேரம்.

வெளியே வந்து சன்னாசியை ஓரமாக இழுத்தார். "தஞ்சோங் காராங் பட்டறைக்குப் போன் போடு. அப்பளசாமிய ஒடனே வரச் சொல்லு. யாருக்கும் தெரிய வேணாம்."

அப்பளசாமி தஞ்சோங் காராங்கில் பிரிட்ஜ், ஏர்கான் பழுதுபார்ப்பவர். சன்னாசி மூலைக்கடைக்குப் போய் எண்ணைச் சுற்றினார். பக்கத்தில் துக்கத்துக்கு வந்த நான்கு பேர் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததால் குரலைத் தாழ்த்தி, சுற்றி வளைத்துப் பேசினார்.

"தம்பி, எட்டாம் நம்பர் சன்னாசி பேசறேன். நம்ம வீட்டுல பாடி விசயமா கொஞ்சம் அவசரம்."

"பாடி சூடாகுதா அண்ணே?"

"இன்னும் இல்ல. ஆயிரும்னு பயமா இருக்கு."

"எந்த வருசத்துது?"

சன்னாசிக்குக் கேள்வி விளங்கவில்லை. வயதைக் கேட்கிறார் என்று நினைத்தார். "அறுபத்தெட்டு."

"அந்தக் காலத்துப் பாடி கெட்டிதான்லா. லேசுல போகாது. தலைகீழா கவுத்துடாதீங்க, எண்ணெ எறங்கிரும். பின்பக்கம் நல்லா காத்துப் படுதா?"

"பின்பக்கம் பாய்ல இருக்கு தம்பி."

"பாய எடுத்துடுங்க. நான் வந்து பாடியத் தொறந்து பாக்கறேன்."

சன்னாசி நல்ல மனிதர். ஆனால் கேட்டதை அப்படியே ஒப்பிக்கிற பழக்கம் உள்ளவர். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, தாயம்மா சமையலறையில் இருக்கிறார் என்று நினைத்து, வாசலிலிருந்தே சொன்னார்: "வர்றானாம். வந்து பாடியத் தொறந்து பாப்பானாம். அது வரைக்கும் பாய உருவச் சொல்றான்."

தாயம்மா கொல்லையில் இருந்தார். கேட்டது நல்லம்மாள்.

பதினொன்றரை மணிக்கு அப்பளசாமியின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வாசலில் பந்தல், நாற்காலி, கூட்டம். ஏதோ விசேஷம் என்று நினைத்துக்கொண்டு கருவிப் பையோடு உள்ளே வந்தவர், சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம், கதவின் இரண்டு நிலையையும் பிடித்துக்கொண்டு நிற்கும் நல்லம்மாளைப் பார்த்தார்.

"எந்த ஆஸ்பத்திரிலேருந்து வர்ற?"

"ஆஸ்பத்திரியா? பட்டறைலேருந்துக்கா. பாடி பாக்கணும்னு போன் வந்துச்சு."

"பைல என்னா?"

"ஸ்பானர், திருப்புளி, ஒரு ரம்பம்."

நல்லம்மாள் கதவை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "ரம்பம்."

"பலகைய அறுக்க வேண்டி வந்தா. பயப்படாதீங்க. மூடியக் கழட்டி உள்ள பாத்துட்டு, சரியில்லாதத எடுத்துட்டு, மறுபடி மூடிருவேன். தெனம் செய்யிற வேலதான். பாக்கறவங்களுக்குத் தொறந்த மாதிரியே தெரியாது."

"தெனம் செய்யிறியா," என்றார் நல்லம்மாள்.

"நேத்துக்கூட சிகிஞ்சான்ல ரெண்டு."

உள்ளே போர்வையோடு உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள். உமாபதி கிராணி மண்டோருக்குக் காவலாகக் கையை விரித்தார். பதினைந்து வருடப் பகை அந்த இடத்தில் தீர்ந்தது.

"அவரு மேல கை வச்ச, ஒன்ன அந்தப் பைலயே போட்டு அனுப்புவேன். தொறக்கறதுக்கு அவரு என்னா பிஸ்கட் டின்னா?"

அப்பளசாமி குழம்பிப்போய் நல்லம்மாளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மாலை, விளக்கு, கம்பளிச் சட்டை, மூக்கில் பஞ்சு. பை கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. அவர் கத்தவில்லை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, "நான் சொன்னது ஏர்கான் பாடிக்கா," என்றார். யாரும் நம்பவில்லை. ஏர்கான்தான் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததே.

சத்தம் கேட்டுத் தாயம்மா கொல்லையிலிருந்து ஓடி வந்தார். ஒரு வார்த்தையில் எல்லாம் விளங்கிவிட்டது. அப்பளசாமியை விரட்டிவிட்டால் தாயம்மாவின் பெயர் காப்பாற்றப்படும். ஆனால் இன்னும் நான்கரை மணி நேரத்தில் வீரன் வந்து பார்க்கப் போவது அப்பாவின் முகமாக இருக்காது.

கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். "உள்ள வரலாமாக்கா?"

"நீ மட்டும் வா."

"அந்தத் தம்பியத் திட்டாதீங்கக்கா. அவன் தொறக்க வந்த பாடி மண்டோர் அண்ணனோடது இல்ல. என்னோடது."

நல்லம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏர்கானுக்கா. கம்ப்ரசர் செத்துப்போச்சு. பத்து மணிக்கே. இப்ப ஓடறது வெறும் காத்தாடி."

"குளிருதே," என்றார் போர்வைக்காரர்.

"நீங்க நெனச்சுக்கிட்டுக் குளிருறீங்க. பாட்டிலப் பாருங்க."

எல்லாரும் சடங்குப் பாட்டிலைப் பார்த்தார்கள். விரல் அகலத்துக்கு எண்ணெய் தெளிந்திருந்தது. நடுவில் வெள்ளைக் கட்டி மட்டும் மிதந்தது. போர்வைக்காரர் போர்வையை எடுத்தார். எடுத்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது.

அப்பளசாமி அனுமதி வாங்கிக்கொண்டு, கோட்டைத் தாண்டி, மண்டோருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஏர்கானின் முன்மூடியைக் கழற்றினார். கம்ப்ரசர்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தார். 'சுர்' என்று போனது. மோந்து பார்த்தார். "உள்ள சுருள் கருகிருச்சு. இனிமே எழுந்திரிக்காது." தகட்டில் இருந்த எண்ணைப் படித்தார். "எழுபதுன்னு போட்டிருக்கு. அறுபத்தெட்டுன்னாரே அண்ணன்?"

"அது அவரு," என்றார் சன்னாசி, மண்டோரைக் காட்டி.

"வேற கம்ப்ரசர்?" என்று கேட்டார் தாயம்மா.

"கோலாலம்பூருக்குச் சொல்லணும். ஞாயித்துக்கெழம யாரு குடுப்பா? ஆனா ஒண்ணுலா அக்கா, பாடி நல்லா இருக்கு." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நல்லம்மாள் தாயம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். வெள்ளிக்கெழமையே ஒழுகிருச்சு. முக்கல், விக்கல், மூச்சு வாங்கல், நடுக்கம், ஒழுக்கு, அஞ்சும் வந்தாச்சு. தெரிஞ்சேதான் தாங்கும்னு சொன்னேன்."

"ஏன் சொன்ன?"

"நீங்க கேட்டீங்க. எல்லாரும் பாத்தாங்க."

நல்லம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் பையனுக்கு வாக்குக் குடுத்துட்டேனேடி," என்றார். ஏசியிருந்தால் தாயம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தாயம்மாவும் எதிரே உட்கார்ந்தார். "ஐஸ் கொண்டு வந்துடலாம்க்கா."

"அவரு மீன் இல்லன்னு சொன்னேன்."

"மீன் இல்லதான். ஒங்க மகன் தாவாவுல என்னா வேல?"

"ஐஸ் ரூம்ல சூப்பர்வைசர்." இந்த நிலையிலும் அதைச் சொல்லும்போது நல்லம்மாளின் முதுகு ஒரு அங்குலம் நிமிர்ந்தது.

"ஒம்பது வருசமா நாளெல்லாம் ஐஸ்லதானே நிக்கிறாரு. அதுல நின்னுதானே மாசா மாசம் காசு அனுப்பறாரு. மகன் நிக்கிற ஐஸ்ல அப்பா நாலு மணி நேரம் படுத்தா கொறைஞ்சா போயிருவாரு?"

நல்லம்மாள் கணவரின் சட்டையை இழுத்துச் சரிசெய்தார். எண்ணெய் இன்னும் கொஞ்சம் தெளிந்தது.

"மேல படக்கூடாது," என்றார். "சுத்தி மட்டும். மீன் வாட வரக்கூடாது. சட்டையக் கழட்டக்கூடாது."

சன்னாசி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பளசாமியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினார். பாலம் தாண்டிப் பாசிர் பெனம்பாங்கில், தோட்டக்காரர்களோடு பழகித் தமிழ் பேசும் லிம் தவுக்கே படகுத்துறையில் நண்டு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு கட்டி ஐஸ் வேணும் தவுக்கே."

"பன்னெண்டா? எத்தன மீன்?"

"ஒண்ணு."

"ஒரு மீனுக்குப் பன்னெண்டு கட்டியா? எவ்லோ பெருசு?"

"அஞ்சே முக்கால் அடி."

தவுக்கே தராசைக் கீழே வைத்தார். நாற்பது வருடமாகக் கடலோடு பழக்கம் உள்ளவர். "என்னா மீன்லா அது?"

"இராமையா மண்டோர்."

தவுக்கே தொப்பியைக் கழற்றினார். தன் லோரியை மூன்று முறை கழுவச் சொன்னார். கட்டிகளைப் புதிய சாக்கில் சுற்றச் சொன்னார். தானே ஓட்டிக்கொண்டு வந்தார். வாடை முழுவதும் போகவில்லை. தாயம்மா இரண்டு கட்டு ஊதுவத்தியைக் கொளுத்திச் சமாளித்தார்.

ஐஸ் வைக்கப் பாத்திரம் வேண்டும். துணி அலசும் பேசின், குழந்தை குளிப்பாட்டும் தொட்டி, மாவு கரைக்கும் வாளி, திருவிழாச் சோற்று அண்டா என்று ஊரிலிருந்து எல்லாம் வந்து மண்டோரைச் சுற்றி உட்கார்ந்தன. அப்பளசாமி ஏர்கான் காற்றாடியை வேகமாக வைத்து, அதன் வாய்க்கு நேராக இரண்டு கட்டிகளை நிறுத்தினார். காற்று ஐஸில் பட்டு அறை முழுக்கப் பரவியது. இரண்டு மணிக்கு மண்டோரின் தலைமாட்டில் தொட்டிக்கு அருகே இருந்த பாட்டிலில் அடியிலிருந்து வெள்ளை ஏறத் தொடங்கியது.

துக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது. உள்ளே போய் வந்து, "தாயம்மா ஏர்கான் பெரிய ஆஸ்பத்திரில இருக்கறதவிடத் தேவல," என்று பேசிக்கொண்டார்கள். தாயம்மா ஒவ்வொருவரிடமும் போய், "ஏர்கான் செத்துப்போச்சு, அது ஐஸு," என்றார். அவர் தன்னடக்கத்தை எல்லாரும் மெச்சினார்கள்.

நாலு இருபதுக்கு டாக்சி வந்தது. வீரன் இறங்கினார். முப்பத்தைந்து வயது, கையில் ஒரு சின்னப் பெட்டி. கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. படுக்கையறை வாசலில், கோட்டுக்கு இந்தப் பக்கம், நின்றுவிட்டார். உள்ளே நல்லம்மாள் மகனைப் பார்த்து எழுந்தார்.

வீரன் தலையைக் கொஞ்சம் சாய்த்து எதையோ கேட்டார். நாளெல்லாம் ஐஸ் ரூமில் நிற்பவருக்குக் காது தானாகவே வேலை செய்தது.

"போச்சும்மா," என்றார்.

"போய்ட்டாருடா," என்றார் நல்லம்மாள்.

"இல்லம்மா. கம்ப்ரசர். காத்தாடி மட்டுந்தான் ஓடுது."

அப்பளசாமி கிளம்பிப்போன பிறகு, அந்தக் கூட்டத்தில் அவரும் தாயம்மாவும் மட்டுமே அதைக் கேட்கத் தெரிந்தவர்கள். தாயம்மா கதவோரமாக நின்று தலையை ஆட்டினார்.

வீரன் உள்ளே வந்தார். பேசினைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். குனிந்து ஒரு கட்டியை நகர்த்தித் தலைப்பக்கம் வைத்தார். "ஐஸ அடுக்கினது யாரு? தலப்பக்கம் ரெண்டு கூட வச்சிருக்கணும். காலுக்கு இத்தன தேவையில்ல." இன்னொன்றையும் நகர்த்தினார். மூன்றாவதைத் தூக்கப் போனபோது அப்பாவின் முகம் கண்ணில் பட்டது. தூங்குகிற மாதிரிதான் இருந்தது. சட்டையின் மேல் பொத்தான் வழக்கம்போலப் போட்டிருந்தது. ஐஸ் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்து அழுதார். கட்டி கரைந்து மடியெல்லாம் நனையும்வரை யாரும் அதை அவர் கையிலிருந்து வாங்கவில்லை.

நல்லம்மாள் பாட்டிலைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது.

ஐந்தரை மணிக்கு மண்டோரை எடுத்தார்கள். வாசலைத் தாண்டும்போது நல்லம்மாள் குனிந்து, தன் முந்தானையால் சுண்ணாம்புக் கோட்டைத் துடைத்துவிட்டுப் போனார். சன்னாசி கைலியோடு சுடுகாடு வரைக்கும் நடந்தார்.

மறுநாள் வீட்டைக் கழுவி விட்டார்கள். ஏர்கானைக் கழற்றினால் ஓட்டையை அடைக்க வேண்டும்; கழற்றிய ஆறு கண்ணாடிகளில் நான்கு எப்போதோ உடைந்துபோயிருந்தன. பாடி ஜன்னலிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. கேட்டவர்களிடமெல்லாம் தாயம்மா, இப்போது அது வெறும் காற்றாடிதான் என்று சொன்னார். அவர்கள் ஏர்கான் வீட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, மடித்த துணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு தாயம்மா படுக்கையறைக்கு வந்தார். வாசலில் கால் தானாக நின்றது.

"உள்ள வரலாமா?" என்றார்.

உள்ளே அலமாரிக்குள் தலையை விட்டுக் கால்சட்டை தேடிக்கொண்டிருந்த சன்னாசி திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னய ஏன் கேக்கற? நாலு வீடு தள்ளிப் போயி நல்லம்மா அண்ணியக் கேட்டுட்டு வா."